பாலிசி யார் பெயரில் இருக்க வேண்டும்?

"மூன்று ஏக்கர் நிலம், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் கடன். ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லி உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார். எங்களுக்கு அது தேவையா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் எப்படி யோசித்து முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்த்தால், அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

கணவருக்கு வயது 38, மனைவிக்கு 34. மகளுக்கு 12, மகனுக்கு 8. வயதான அம்மாவும் உடன் இருக்கிறார். இரண்டு ஏக்கரில் தக்காளியும் சாமந்தியும், ஒரு ஏக்கரில் ராகியும் போடுகிறார்கள். கறவை மாடு இரண்டு. தக்காளி விலை கிடைத்த வருஷம் கடன் குறையும். கிடைக்காத வருஷம் நகை அடகுக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் பெரியம்மா மகன் பையோடு வந்து உட்கார்ந்தார். காப்பீட்டு முகவர் அவர்.

"மாப்பிள்ளை, பையன் பேர்ல ஒண்ணு போடுங்க. வருஷத்துக்கு 24,000 ரூபாய். இருபது வருஷம் கட்டினா எட்டரை லட்சம் கைக்கு வரும். படிப்புக்கும் ஆச்சு, காப்பீடும் ஆச்சு."

கணவர் தலையாட்டினார். காபி டம்ளரை வைத்துவிட்டு மனைவி கேட்டார்: "அண்ணே, இவருக்கு ஏதாவது ஆயிட்டா இதுல என்ன வரும்?"

"பாலிசி பையன் பேர்லம்மா. அவருக்கு ஆனா பணம் வராது. நீங்க தொடர்ந்து கட்டிட்டு வந்தீங்கன்னா..."

"அவர் இல்லைன்னா யாருண்ணே கட்டறது?"

முகவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ கேக்கறது சரிதான்" என்றார். தகப்பன் இறந்தால் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பிரிவு சில பாலிசிகளில் உண்டு. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், இதில் அது சேர்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மனைவி இன்னொன்றும் கேட்டார். மகனுக்கு இப்போது எட்டு வயது. இருபது வருஷம் கழித்து வரும் பணம் எந்தப் படிப்புக்கு?

பக்கத்து வீட்டில் நடந்தது

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் 41 வயதில் நெஞ்சுவலி வந்து தோட்டத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. பீரோவில் மூன்று பாலிசிப் பத்திரங்கள் இருந்தன. இரண்டு பிள்ளைகள் பெயரில். அவற்றுக்கு முதிர்வுத் தேதி வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது, தவணையும் கட்டியாக வேண்டும். மூன்றாவது அவர் பெயரில்தான். ஆனால் தக்காளி ரோட்டில் கொட்டிய வருஷம் தவணை நின்று, அந்தப் பாலிசி காலாவதியாகிவிட்டது.

அந்த வீட்டைத் தாங்கியது பத்திரம் எதுவும் இல்லை; பாஸ்புக்கில் இருந்த ஒரு வரி. கணவரின் கணக்கை முடிக்கப் போன அக்காவிடம் வங்கி ஊழியர்தான் காட்டினார். முந்தைய மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருந்தது. அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம். என்றைக்கோ வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. அந்த 2 லட்சத்தில் நகைக்கடனும் கூட்டுறவுக் கடனும் அடைந்தன. நிலத்தை விற்காமல் தப்பித்தார்கள்.

மூன்று பத்திரங்களுக்காக அந்த வீடு வருஷா வருஷம் கட்டியது ஆயிரக்கணக்கில். ஆபத்துக்கு உதவியது 436 ரூபாய். காப்பீட்டை எங்கே, யார் பெயரில் போடுகிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஆயுள் காப்பீடு என்பது ஒருவர் இறந்தால் அவருடைய சம்பாத்தியத்துக்குப் பதிலாக வரும் பணம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இவர் இல்லை என்றால் இந்த வீட்டில் யார் சாப்பாடு குறையும், யார் தலையில் கடன் விழும்?

யாருக்கும் குறையாது, கடனும் இல்லை என்றால் அவருக்கு ஆயுள் காப்பீடு தேவையில்லை. எட்டு வயது பிள்ளையின் சம்பாத்தியத்தில் எந்த வீடும் ஓடுவதில்லை. பிள்ளைக்குச் சேமிப்பு வேண்டும்; காப்பீடு தகப்பனுக்கும் தாய்க்கும் வேண்டும்.

தாய்க்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் மாடு பார்ப்பது, பால் கறப்பது, களை எடுப்பது, சாமந்தி பறிப்பது எல்லாம் மனைவி. அவர் இல்லாமல் போனால் மாட்டை விற்க வேண்டும். களைக்கும் பறிப்புக்கும் கூலி ஆள் விட வேண்டும். அவர் சம்பளம் வாங்கவில்லை என்பதால் அவர் உழைப்புக்கு விலை இல்லை என்று ஆகிவிடாது.

எவ்வளவுக்கு வேண்டும்?

அன்று இரவு இருவரும் மகளின் நோட்டில் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். எல்லா வீட்டுக்கும் இதே முறை பொருந்தும். தொகைதான் மாறும்.

முதலில் கடன். கூட்டுறவுப் பயிர்க்கடன் 1,20,000, நகைக்கடன் 80,000, போர்வெல்லுக்கும் மோட்டாருக்கும் வாங்கியது 2,00,000. மொத்தம் 4,00,000 ரூபாய்.

அடுத்து வீட்டுச் செலவு. மாதம் 12,000 என்றால் வருஷத்துக்கு 1,44,000. கணவர் இல்லாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு 30,000 வரும். பாலில் தீவனச் செலவு போக 54,000 நிற்கும். இரண்டும் சேர்த்து 84,000. வருஷத்துக்குப் பற்றாக்குறை 60,000. மகனுக்கு 21 வயது ஆக இன்னும் 13 வருஷம். 60,000 பெருக்கல் 13 என்றால் 7,80,000.

மூன்றாவது, இரண்டு பிள்ளைகளின் மேல்படிப்புக்கு 3,00,000.

மொத்தத் தேவை 14,80,000. கையிருப்பு 30,000 கழித்தால் 14,50,000. ஜீவன் ஜோதியில் வரக்கூடிய 2,00,000 கழித்தால் 12,50,000. விலைவாசி ஏறும் என்பதால் 15 லட்சம் என்று வைத்துக்கொண்டார்கள்.

முகவர் சொன்ன பாலிசி இந்தப் பதினைந்து லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட ஈடுகட்டாது. அது தகப்பன் உயிருக்கான பாலிசியே அல்ல.

சேமிப்பு வேறு, காப்பீடு வேறு

கிராமங்களில் அதிகம் விற்பது எண்டோமென்ட், மணிபேக் வகைப் பாலிசிகள். கட்டும் பணத்தில் ஒரு பகுதி உயிர்க் காப்புக்குப் போகிறது, மீதி சேமிப்பாகிறது. வருஷம் 24,000 வீதம் 20 வருஷம் கட்டினால் கட்டியது 4,80,000. திரும்ப வருவது 8,50,000 என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் வட்டிக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. அதிலும் போனஸ் என்பது அந்தந்த வருஷ அறிவிப்பைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் முன், "உறுதியாகக் கிடைப்பது எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு?" என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை டேர்ம் பாலிசி. காலத்துக்குள் இறந்தால் முழுத்தொகை குடும்பத்துக்கு வரும். உயிரோடு இருந்தால் ஒன்றும் திரும்ப வராது. அதனால்தான் சிறிய தவணையில் பெரிய தொகைக்குக் காப்பு கிடைக்கிறது. "கட்டின பணம் வீண்தானே?" என்று பலர் கேட்பது இதைத்தான். தோட்டத்துக்குக் காவல் ஆள் போடுகிறோம். திருடன் வராத வருஷம் காவல் கூலி வீண் என்று யாரும் சொல்வதில்லை.

வருமான வரிக் கணக்கு இல்லை, படிப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் டேர்ம் பாலிசி மறுக்கப்படுவது விவசாயிகளுக்கு நேரும் சிக்கல். இதற்காகவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஜனவரியில் 'சரல் ஜீவன் பீமா' என்ற பொதுவான டேர்ம் பாலிசியைக் கொண்டுவரச் செய்தது. 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை, 18 முதல் 65 வயதுக்காரர்களுக்கு. தொழில், படிப்பு தடையில்லை. முதல் 45 நாளில் விபத்தில் இறந்தால் மட்டுமே காப்புத்தொகை. உங்களிடம் வரும் நிறுவனத்தில் அது இப்போது உண்டா என்று கேளுங்கள். தவணை எவ்வளவு என்று இரண்டு மூன்று இடங்களில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுத் தவணைக்கு ஜிஎஸ்டி கிடையாது.

சேமிப்புப் பாலிசியே கூடாது என்பதல்ல. கட்டாயம் இருந்தால்தான் பணம் சேரும் என்ற வீடுகளும் உண்டு. கிராமப்புற மக்களுக்கென்றே 1995 முதல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு இருக்கிறது. 10 லட்சம் வரை எடுக்கலாம். ஆனால் அதுவும் சேமிப்பு கலந்ததுதான். முதலில் உயிருக்குப் போதுமான காப்பு, பிறகு மீதிப் பணத்தில் சேமிப்பு என்ற வரிசை மாறக்கூடாது.

436 ரூபாயும் 20 ரூபாயும்

எந்த முகவரையும் எதிர்பார்க்காமல் எல்லா வீட்டிலும் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டும் 2015-ல் தொடங்கியவை. வங்கிக் கணக்கோ அஞ்சலகக் கணக்கோ இருந்தால் போதும்.

ஜீவன் ஜோதி: வருஷத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். தொடர்ந்து கட்டினால் 55 வயது வரை காப்பு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பொருந்தும்.

சுரக்ஷா: வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை, கால் இழந்தாலோ 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். நெஞ்சுவலி, நோய் இதில் சேராது.

இரண்டுக்கும் காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் ஆகாது, காப்பு நின்றுபோகும். விதைக்கும் உழவுக்கும் பணத்தை எடுக்கும் நேரம் அது. ஐந்நூறு ரூபாயைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு வராது. ஒருவருக்கு ஒரு கணக்கு வழியாக மட்டும்தான். ஜூன் தாண்டிச் சேர்ந்தால் ஜீவன் ஜோதிக்கு அந்த வருஷத்துக்குக் குறைந்த தொகை போதும்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை 342, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 228, மார்ச் முதல் மே வரை 114 ரூபாய்.

விண்ணப்பத்தில் ஏமாறும் இடம்

பாலிசி எடுக்கும்போது முகவரே படிவத்தைப் பூர்த்தி செய்து, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி, மது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதியிருக்கும். தவணை குறையட்டும், சீக்கிரம் முடியட்டும் என்ற நினைப்பு. அந்த 'இல்லை'தான் பிறகு விதவையின் முன்னால் வந்து நிற்கும். முதல் மூன்று வருஷத்துக்குள் மரணம் நேர்ந்து, மறைத்தது தெரிந்தால் நிறுவனம் பணத்தை மறுக்கலாம். மூன்று வருஷம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. அந்த மூன்று வருஷத்தை நம்பிப் பொய் எழுத வேண்டாம். தவணை கொஞ்சம் ஏறினாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, சொன்னது வேறு, எழுதியிருப்பது வேறு என்று தெரிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போகப் பணம் திரும்ப வரும். தவணை மாதத்தை அறுவடைப் பணம் கையில் இருக்கும் மாதமாகப் பார்த்து அமைப்பதும் நல்லது. வருஷத் தவணையைத் தவறவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால் காப்பு நிற்காது.

அந்த வீடு எடுத்த முடிவு

அடுத்த வாரம் முகவர் மறுபடி வந்தார். கணவர் நோட்டைக் காட்டினார். "மச்சான், பையன் பேர்ல வேண்டாம். எனக்கு அறுபது வயசு வரைக்கும் பதினஞ்சு லட்சத்துக்கு டேர்ம் போட்டா எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடுங்க."

அதில் கமிஷன் குறைவு என்று முகவருக்குத் தெரியும். ஆனாலும் எழுதிக் கொடுத்தார். தவணை ஏழாயிரத்தை ஒட்டி வந்தது. இருவருக்கும் ஜீவன் ஜோதி 872, சுரக்ஷா 40. அவர் முதலில் கேட்ட 24,000-ல் 16,000-க்கு மேல் மிச்சம். அதைப் பால் பணத்திலிருந்து மாதம் 1,300 வீதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட முடிவு செய்தார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு வரும் நேரத்தில் அது கைக்கு வரும். மகளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர முடியாமல் போனது மட்டும் மனைவிக்குக் குறை.

கடைசியாக ஒரு வெள்ளைத்தாளில் பாலிசி எண், வங்கிக் கணக்கு, நாமினி பெயர், தவணைத் தேதி எல்லாவற்றையும் மகளைவிட்டு எழுதச் சொல்லி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டில் இல்லாமல் போனது அந்தத் தாள்தான்.

வாசகர் கேள்விகள்

எனக்கு 58 வயது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கடன் இல்லை. இனி ஆயுள் காப்பீடு எடுக்கலாமா?

தேவையில்லை. உங்களை நம்பி மனைவி இருந்தால், அவருக்கு நிலமும் சேமிப்பும் போதுமா என்று மட்டும் பாருங்கள். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். இந்த வயதில் ஆபத்து ஆஸ்பத்திரிச் செலவில்தான் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

வயலில் பாம்பு கடித்து இறந்தால் விபத்துக் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய பதிவு வேண்டும். வீட்டிலேயே வைத்தியம் பார்த்து, உயிர் போனபின் நேராக அடக்கம் செய்துவிட்டால் நிரூபிக்க வழி இருக்காது. பாம்பு கடித்தால் முதல் வேலை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. அது உயிரைக் காப்பதற்காக. பதிவும் அங்கேதான் உருவாகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

ஆறு வருஷம் கட்டிய எண்டோமென்ட் பாலிசியை இனிக் கட்ட முடியவில்லை. சரண்டர் செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். மூன்று வழி உண்டு. சரண்டர் செய்தால் கட்டியதைவிடக் குறைவாக வரலாம். பெய்ட்-அப் ஆக விட்டால் இனிக் கட்ட வேண்டாம். குறைந்த தொகைக்குப் பாலிசி நீடித்து, முதிர்வில் அது வரும். இந்த வருஷம் மட்டும்தான் சிரமம் என்றால் பாலிசி மீது கடன் வாங்கலாம். மூன்றுக்கும் எவ்வளவு என்று கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். புதிய டேர்ம் பாலிசி கைக்கு வரும் முன் பழையதை விட வேண்டாம்.

நான் இறந்தால் காப்பீட்டுப் பணத்தைக் கடன்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா?

மணமான ஆண் தன் பெயரில் பாலிசி எடுக்கும்போதே, 1874-ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளுக்காக என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சேரும். கடன்காரர் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தோடு ஒரு தனிப் படிவம் கொடுக்க வேண்டும். பாலிசி வந்த பிறகு மாற்ற முடியாது. முகவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிறுவனம் பணம் தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

என் கணவர் ஜீவன் ஜோதியில் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரிந்துகொள்வது?

பாஸ்புக்கை வங்கியில் கொடுத்து வரவு செலவைப் பதியச் சொல்லுங்கள். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இருவரும் சேர்ந்து போய்ப் படிவம் கொடுங்கள். நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்காக இருந்தால் அது வேறு யாராகவும் இருக்கலாம்.